டிஏ எவ்வளவு வரும்? மாதாமாதம் வரும் விலைக் குறியீட்டை வைத்து நீங்களே கணக்குப் போடும் வழி

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சண்டை நடக்கும். மூன்று சதவீதம் என்பார் ஒருவர், நான்கு உறுதி என்பார் இன்னொருவர், நடுவில் யாராவது ஒரு யூடியூப் இணைப்பைப் போட்டுவிட்டுப் போவார். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படியும் (பேச்சில் டிஏ) ஓய்வூதியரின் அகவிலை நிவாரணமும் (டிஆர்) ஒரே ஒரு சூத்திரத்தில் வருகின்றன. அதற்கு வேண்டிய எண்கள் மாதம் ஒன்றாக வெளியாகின்றன, காசும் கிடையாது. மாதம் ஐந்து நிமிடம் போதும்.

அப்பாவின் ஓய்வூதியக் கணக்கை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்கிற ஆள் கிடைக்காமல் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. எந்தக் குறியீடு என்பதை முதலில் பிடியுங்கள்

தொண்ணூறு சதவீதக் குழப்பம் இங்கேதான். ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி வாக்கில் தொலைக்காட்சியில் "சில்லறைப் பணவீக்கம் இவ்வளவு" என்று ஓடுகிறதே, அது உங்கள் டிஏவைத் தீர்மானிக்கும் எண் அல்ல. அதை வெளியிடுவது மத்திய புள்ளியியல் அமைச்சகம். ரிசர்வ் வங்கி வட்டியைக் கூட்டுவதும் குறைப்பதும் அதைப் பார்த்துத்தான்.

டிஏவுக்கு வேறு குறியீடு. தொழில் துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று பெயர், சங்கத்துக்காரர்கள் ஏஐசிபிஐ என்பார்கள். தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கும் லேபர் பியூரோ வெளியிடுகிறது. நாடு முழுக்க 88 மையங்களில் 317 சந்தைகளிலிருந்து விலை எடுக்கிறார்கள். சென்னை, கோவை, மதுரை, சேலம் எல்லாம் அதில் உண்டு.

இரண்டும் ஒன்றுபோலத்தானே நகரும் என்று நினைக்காதீர்கள். 2025 அக்டோபரில் செய்தியில் வந்த சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். உடனே "விலையே ஏறவில்லை, இனி டிஏ எங்கே வரப்போகிறது" என்று ஒரே புலம்பல். அதே மாதம் ஏஐசிபிஐ 147.7. முந்தைய ஆண்டு அக்டோபரில் அது 144.5. அதாவது சுமார் 2.2 சதவீத ஏற்றம். இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், அந்தச் சமயத்தில் விழுந்தது உணவுப் பொருள் விலை, முக்கியமாகக் காய்கறி. சில்லறைப் பணவீக்கக் கணக்கில் (அப்போதிருந்த, 2012ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது அந்த ஆண்டு விலையை 100 என வைத்த தொடரில்) உணவுக்கு 45.86 சதவீத எடை. ஏஐசிபிஐயில் 39.17 மட்டுமே. வீட்டு வாடகைக்கு அங்கே 10.07, இங்கே 16.87. தக்காளி மலிந்தால் செய்தியில் வரும் எண் தடாலென்று இறங்கும், உங்கள் எண் அந்த அளவுக்கு இறங்காது. தக்காளி ஏறும்போதும் இதே கதைதான், அப்போது "பணவீக்கம் இவ்வளவு ஏறியும் டிஏ ஏன் கம்மி" என்று கேட்போம்.

2026 பிப்ரவரியிலிருந்து சில்லறைப் பணவீக்கத்தின் அடிப்படை ஆண்டு 2024 ஆகிவிட்டது. அந்த மாற்றத்துக்கும் உங்கள் டிஏ கணக்குக்கும் சம்பந்தமில்லை. யாராவது இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினால் நகர்ந்துவிடுங்கள்.

2. எண்ணை எங்கே, எப்போது எடுப்பது

லேபர் பியூரோவின் இணையதளத்தில் செய்திக் குறிப்பாகப் போடுவார்கள். பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் தளத்திலும் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு மாதத்தின் குறியீடு அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளில் வர வேண்டும் என்பது கணக்கு, ஜூன் எண் ஜூலை 31 வாக்கில். சில மாதங்கள் தள்ளிப்போவதும் உண்டு. வரவில்லையென்றால் வரவில்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணை அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

குறிப்பைத் திறந்ததும் கண்ணில் படுகிற எண்கள் மூன்று: குறியீடு, போன மாதத்தைவிட எத்தனை புள்ளி ஏறியது, ஓராண்டுக்கு முன்பைவிட எத்தனை சதவீதம் ஏறியது. உங்களுக்கு வேண்டியது முதலாவது மட்டும். 2025 ஜூனை எடுத்துக்கொள்ளுங்கள். குறியீடு 145.0. மே மாதத்தைவிட ஒரு புள்ளி அதிகம். 2024 ஜூனில் 141.4 இருந்ததால் ஆண்டுப் பணவீக்கம் 2.55 சதவீதம். "ஒரு புள்ளி ஏறியது" என்றால் ஒரு சதவீதம் ஏறியது என்று அர்த்தமில்லை, 144க்கு ஒன்று என்றால் 0.7 சதவீதம்தான் ஆகிறது. இந்தப் புள்ளி-சதவீதக் குழப்பத்தை வைத்தே பாதி வீடியோக்கள் ஓடுகின்றன.

இன்னொன்று: அகில இந்திய எண்ணையே எடுங்கள். சென்னைக்குத் தனிக் குறியீடு, மதுரைக்குத் தனிக் குறியீடு எல்லாம் உண்டு. உங்கள் ஊரில் விலை எவ்வளவு எகிறினாலும் டிஏவுக்குச் செல்லுபடியாவது அகில இந்திய எண்தான்.

ஜூலை எண்ணில் ஒரு குதி தெரிந்தால் பயப்படவும் வேண்டாம், துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கில் புதுப்பிக்கிறார்கள், ஜனவரியிலும் ஜூலையிலும். அந்த ஏற்றம் மொத்தமாக அந்த மாதத்தில் வந்து விழும். 2025 ஜூன் 145.0, ஜூலை 146.5. "ஒரே மாதத்தில் ஒன்றரைப் புள்ளி, இப்படியே போனால் டிஏ எங்கேயோ போய்விடும்" என்று அதை அடுத்த மாதங்களுக்கும் இழுத்துப் பார்த்தவர்களுக்கு ஆகஸ்டில் கிடைத்தது 147.1.

3. பன்னிரண்டு மாத அட்டவணை

ஒரு நோட்டுப் புத்தகம் போதும், எக்செல் தெரிந்தால் இன்னும் நல்லது. டிஏ ஆண்டுக்கு இரு முறை மாறும்.

ஜனவரி 1 முதல் அமலாகும் டிஏவுக்கு முந்தைய ஆண்டின் ஜனவரி முதல் டிசம்பர் வரை உள்ள 12 எண்கள். ஜூலை 1 முதல் அமலாகும் டிஏவுக்கு முந்தைய ஆண்டு ஜூலை முதல் இந்த ஆண்டு ஜூன் வரை உள்ள 12 எண்கள்.

கடைசி மாதத்து எண்ணை மட்டும் பார்த்து முடிவு சொல்வது எடுபடாது, பன்னிரண்டின் சராசரிதான் பேசும். உதாரணத்துக்கு 2025 ஜூலை டிஏவுக்கான எண்கள் இதோ, 2024 ஜூலையிலிருந்து வரிசையாக:

142.7, 142.6, 143.3, 144.5, 144.5, 143.7, 143.2, 142.8, 143.0, 143.5, 144.0, 145.0

கூட்டினால் 1722.8. பன்னிரண்டால் வகுத்தால் 143.567. நடுவில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இறங்கியிருப்பதைப் பாருங்கள், குளிர்காலத்தில் காய்கறி மலியும்போது வழக்கமாக நடப்பதுதான். இறங்கிய மாதங்களும் சராசரியில் சேரும்.

4. சூத்திரம்

(12 மாத சராசரி × 2.88 − 261.42) ÷ 261.42 × 100

பார்க்கத்தான் மிரட்டும். 261.42 என்பது ஏழாவது ஊதியக் குழு அமலுக்கு வருவதற்கு முந்தைய ஆண்டான 2015இன் சராசரிக் குறியீடு. அன்றிலிருந்து விலைவாசி எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்பதே டிஏ. ஆனால் அந்த 261.42 பழைய தொடரில் (2001=100) உள்ள எண். இப்போது வரும் குறியீடு 2016=100 தொடரில். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரத்தான் 2.88ஆல் பெருக்குகிறோம்.

இந்த 2.88ஐ விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் விடை மைனஸில் வரும். 2020இல் தொடர் மாறியபோது ஆகஸ்ட் குறியீடு 338, செப்டம்பர் குறியீடு 118.1 என்று வந்தது. விலை சரியவில்லை, அளவுகோல்தான் மாறியது. 118.1ஐ 2.88ஆல் பெருக்கினால் 340. நாளைக்கு மறுபடி அடிப்படை ஆண்டு மாறினால் இந்த இணைப்பு எண்ணும் மாறும், அப்போது புதிய எண்ணை அந்த அறிவிப்பிலேயே சொல்வார்கள்.

சரி, நம் உதாரணத்தை முடிப்போம். 143.567 × 2.88 = 413.47. அதிலிருந்து 261.42 கழித்தால் 152.05. அதை 261.42ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 58.16. அரசு அறிவித்ததும் 58 சதவீதம்தான்.

5. பின்னத்தை வெட்டிவிடுவார்கள், முழுமையாக்க மாட்டார்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்கள் ஏராளம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விடை 58.16 வந்தால் 58. 58.99 வந்தாலும் 58தான். அரைக்கு மேல் போனால் அடுத்த எண் என்ற பள்ளிக்கூட விதி இங்கே செல்லாது.

2025 ஜனவரி டிஏவைப் பாருங்கள். 2024இன் பன்னிரண்டு எண்களின் கூட்டல் 1699.0. சராசரி 141.583. சூத்திரத்தில் போட்டால் 55.98. கிடைத்தது 55. பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து மொத்தமே 0.3 புள்ளி கூடுதலாக இருந்திருந்தால் 56 ஆகியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு சதவீதம் போயிற்று.

போயே போய்விட்டதா என்றால் இல்லை. ஒவ்வொரு முறையும் கணக்கு 2015இலிருந்து புதிதாகத் தொடங்குகிறது, வெட்டிய பின்னம் அடுத்த சராசரியில் தானாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் 55.98லிருந்து 58.16க்குப் போக உண்மையில் 2.18தான் ஏறியிருந்தாலும், ஜூலையில் மூன்று சதவீதம் கிடைத்தது. "பணவீக்கமே இரண்டரை, டிஏ மட்டும் எப்படி மூன்று" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டிஏ 55லிருந்து 58 ஆவது மொத்தத் தொகையில் மூன்று சதவீத உயர்வு இல்லை. 155 வாங்கியவர் 158 வாங்குகிறார், இரண்டு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு.

6. பத்து எண் கையில் இருந்தால் முடிவு தெரிந்துவிடும்

டிசம்பர் எண் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். 60 சதவீதம் வேண்டுமென்றால் 261.42 × 1.60 ÷ 2.88 × 12. அதாவது பன்னிரண்டு எண்களின் கூட்டல் குறைந்தது 1742.8 வர வேண்டும். 2025 ஜனவரி முதல் அக்டோபர் வரை கூட்டினால் 1450.1. மீதி 292.7ஐ நவம்பரும் டிசம்பரும் தர வேண்டும், ஆளுக்கு 146.35. அக்டோபரே 147.7 இருக்கும்போது அது கண்ணை மூடிக்கொண்டு வரும். 61க்கு? கூட்டல் 1753.7 வேண்டும், மீதி இரண்டு மாதமும் சராசரி 151.8 இருக்க வேண்டும். ஒரே மாதத்தில் நான்கு புள்ளி ஏறுகிற கதை நடக்காது. ஆக, 2026 ஜனவரிக்குக் கணக்கு 60தான் சொல்லும் என்பது அக்டோபர் எண் வந்த அன்றே முடிந்துபோன விஷயம். அதற்கப்புறமும் "61 வருமா 62 வருமா" என்று தலைப்பு வைத்தவர்களுக்கு வேறு பிழைப்பு.

7. அறிவிப்பு எப்போது, பணம் எப்போது

குறியீடு வந்த உடனே பணம் வராது. டிசம்பர் எண் ஜனவரிக் கடைசியில் வந்தபின், அமைச்சரவை ஒப்புதல் பெரும்பாலும் மார்ச்சில். ஜூன் எண் ஜூலைக் கடைசியில் வந்தபின், ஒப்புதல் செப்டம்பர் அல்லது அக்டோபரில், தீபாவளியை ஒட்டி. 2025இல் ஜனவரி டிஏவுக்கு மார்ச் 28, ஜூலை டிஏவுக்கு அக்டோபர் 1. அதற்குப் பிறகு ஆணை தனியாக வெளிவரும். ஊழியருக்கு நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை, ஓய்வூதியருக்கு ஓய்வூதியர் நலத் துறை. வங்கிகள் நகர்வது ஆணை வந்தபின்தான், செய்தித்தாளைக் காட்டிக் கேட்டால் கவுண்டரில் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். இடைப்பட்ட மாதங்களுக்கு அரியர்ஸ் உண்டு.

அரியர்ஸே கிடைக்காத காலமும் ஒன்று உண்டு: கொரோனா சமயத்தில் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மூன்று தவணைகளை நிறுத்திவைத்தார்கள், 2021 ஜூலையில் 17லிருந்து ஒரேயடியாக 28 ஆக்கினார்கள், இடைக்காலத்துக்குப் பாக்கி கிடையாது. பழைய கணக்கைச் சரிபார்ப்பவர்கள் அந்தப் பதினெட்டு மாதத்தில் 17ஐத்தான் போட வேண்டும்.

8. ரூபாயில் சரிபார்ப்பது, எடுத்துவைக்க வேண்டிய தாள்கள்

வேண்டியவை: பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணையின் நகல், பின்னால் திருத்தம் வந்திருந்தால் அதுவும், வங்கி தரும் மாத ஓய்வூதியச் சீட்டு, அந்தத் தவணைக்கான அரசாணையின் நகல். அரசாணை ஓய்வூதியர் நலத் துறையின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். சீட்டு மின்னஞ்சலில் வராவிட்டால் கிளையில் எழுதிக் கேளுங்கள். பாஸ்புக்கில் மொத்தத் தொகை ஒரே வரியில் விழுந்திருக்கும், அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே உள்ள பெரிய கண்ணி கம்யூட்டேஷன். ஓய்வு பெறும்போது ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை விற்று மொத்தமாகப் பணம் வாங்கியிருப்பீர்கள், மாதாமாதம் அந்தப் பகுதி கழிந்து வரும். ஆனால் டிஆர் கணக்கிடுவது கழிப்பதற்கு முந்தைய முழு அடிப்படை ஓய்வூதியத்தின் மேல். அடிப்படை 28,450 என்று வையுங்கள். 58 சதவீதம் என்றால் 16,501 ரூபாய். கழித்தபின் உள்ள 17,070க்குப் போட்டால் 9,901தான் வரும். மாதம் 6,600 ரூபாய் வித்தியாசம். அப்பாவுக்கு ஒரு தவணையில் இப்படித்தான் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு "சிஸ்டம் போட்டது சார்" என்று பதில். பிபிஓவில் முழு ஓய்வூதியமும் கழித்த ஓய்வூதியமும் தனித்தனியாக இருக்கிற பக்கத்தைப் பிரதி எடுத்து, முழுத் தொகையை வட்டமிட்டுக் கொடுத்த பிறகுதான் திருத்தினார்கள். வாயால் சொன்னால் நடக்காது, எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

அரியர்ஸ் கணக்கு சுலபம். அதே 28,450க்கு 55 சதவீதம் 15,647.50. ஓய்வூதியருக்குப் பைசா வந்தால் மேலே ஏற்றி முழு ரூபாய் ஆக்க வேண்டும் என்பது விதி, ஆக 15,648. வித்தியாசம் மாதம் 853. அக்டோபர் சீட்டில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பருக்கு 2,559 அரியர்ஸாக இருக்க வேண்டும். பணியில் இருப்பவருக்கு ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஏற்றுவார்கள், குறைவென்றால் விட்டுவிடுவார்கள். 80 வயது கடந்தவர்களுக்குக் கூடுதல் ஓய்வூதியம் உண்டு, அதன் மேலும் டிஆர் சேரும். அது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள், அடிக்கடி விடுபடுகிறது.

9. குறைவாக வந்தால்

முதலில் கிளைக்கு எழுத்து மூலம். ஆனால் கணக்குப் போடுவது கிளை அல்ல, அந்த வங்கியின் மத்திய ஓய்வூதிய மையம். அதன் மின்னஞ்சலைக் கிளையிலேயே வாங்கி அதற்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நகராவிட்டால் ஓய்வூதியர்களுக்கென்றே உள்ள சிபென்கிராம்ஸ் தளத்தில் புகார். கட்டணம் கிடையாது, புகார் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கிற நிலை வந்தால் 10 ரூபாய். மொத்தச் செலவு இவ்வளவே.

"உங்கள் டிஏ அரியர்ஸ் நிலுவையில் இருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் வைத்துவிடுங்கள். டிஆர் உயர்வுக்கு விண்ணப்பமே கிடையாது, சரிபார்ப்பும் கிடையாது, தானாகக் கணக்கில் விழுவது.

10. உங்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்துமா

தமிழ்நாடு அரசு ஊழியர், ஆசிரியர், ஓய்வூதியர்: வழக்கமாக மத்திய அரசின் அதே வீதம்தான், ஆணை சில வாரம் பின்னால் வரும். மத்திய பொதுத்துறை நிறுவனத்தில் இருந்தால் கணக்கே வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும், 2017 ஊதியத் திருத்தம் பெற்றவர்களுக்கு 261.42க்குப் பதில் 277.33, பின்னத்தையும் ஒரு தசமம் வரை வைத்துக்கொள்வார்கள். வங்கி ஊழியர்களுக்கு அவர்களுடைய இருதரப்பு ஒப்பந்தத்தில் உள்ள கணக்கு. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி வாங்குபவர்களுக்கு அகவிலைப்படி ஏப்ரல் 1இல் ஆண்டுக்கு ஒருமுறை மாறும், அதற்கு மட்டும் சென்னை நகரக் குறியீடு.

எட்டாவது ஊதியக் குழு வந்தபின் என்ன ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதன் ஆய்வு வரம்புகளுக்கு அமைச்சரவை 2025 அக்டோபர் 28இல் ஒப்புதல் தந்தது, அறிக்கைக்குப் பதினெட்டு மாத அவகாசம். புதிய ஊதியம் அமலாகும்போது அதுவரை சேர்ந்த டிஏவை அடிப்படையில் கலந்து பூஜ்யத்திலிருந்து தொடங்குவது வழக்கம், அப்போது 261.42 இருக்கும் இடத்தில் வேறொரு எண் வந்து உட்காரும். அதுவரை மேலே உள்ள சூத்திரமே ஓடும். அட்டவணையில் அடுத்த வரியைக் காலியாக விட்டு வையுங்கள், மாதக் கடைசியில் எண் வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.